விழப்போற பல்லுக்கு வெள்ளித் தொப்பி

ராத்திரி பதினொன்றரை மணிக்கு நசரத்பேட்டையில் மூன்று சத்தங்கள்தான் உண்டு. பெங்களூர் ஹைவேயில் போகிற லாரி, எங்கள் தெரு நாய்களின் பொதுக்குழு, எதிர்வீட்டுத் தாத்தாவின் இருமல். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கீழ் போர்ஷன் வாண்டு.

வாண்டுக்கு வயசு ஐந்தரை. சாதாரணமாக அவன் அழுதால் வழக்கு டி.வி. ரிமோட் சம்பந்தப்பட்டதாக இருக்கும். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும். இது நிற்கிற வழியாக இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பையன் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா மடியில் சுருண்டிருந்தான். அப்பா கையில் மொபைல் டார்ச். பாட்டி கையில் கிராம்பு.

"பல்லு சார்... கீழ கடவாப்பல்லு. ஆறு மாசம் முன்னாடியே ஒரு கறுப்புப் புள்ளி பார்த்தேன். பால் பல்லுதானே, எப்படியும் விழப்போவுது, அதுக்குப் போய் எதுக்கு செலவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

மனிதர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். விழப்போகிற பல்லுக்குச் செலவு என்பது அவர் அகராதியில், பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிற மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பையனின் கன்னத்தைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் கறுப்புப் புள்ளியை நானும் பார்த்திருக்கிறேன். "ஷார்க் மாதிரி வாயைத் தொற" என்று விளையாடும்போது. நானும் 'பால் பல்தானே' கட்சிதான்.

பாட்டி மட்டும் தெளிவாக இருந்தார்.

"பூச்சி புடிச்சிருக்குடா தம்பி. எங்க ஊர்ல கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை காட்டுவாங்க. புழு பொலபொலன்னு கொட்டும். எங்கண்ணால பார்த்திருக்கேன்."

பாட்டி பொய் சொல்லவில்லை. பார்த்திருப்பார். இந்தப் பல் புழு சமாச்சாரம் உலகத்தின் மிகப் பழைய வதந்திகளில் ஒன்று. பாபிலோன் களிமண் பலகையிலேயே பல்லைக் குடைகிற புழு வருகிறது. இங்கிலாந்திலும் விதையைக் கொளுத்திப் புகை பிடித்தார்கள். அங்கே வேறு செடி. சூட்டில் விதை வெடித்து உள்ளே இருக்கிற வெள்ளை முளை வெளியே வந்து கிண்ணத்துத் தண்ணீரில் விழும். பார்க்க அசல் புழு. பல்லில் இருந்து வரவில்லை, விதையில் இருந்து வந்தது, அவ்வளவுதான். வைத்தியருக்கு ஃபீஸ், நோயாளிக்குத் திருப்தி, பல்லுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு விதத்தில் பாட்டி ஜெயித்துவிட்டார். வாயில் பூச்சி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்! 1890-ல் மில்லர் என்கிற அமெரிக்கர், பெர்லினில் உட்கார்ந்துகொண்டு, வாயில் இருக்கிற கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று எழுதினார். 1924-ல் கிளார்க் என்பவர் லண்டனில் சொத்தைப் பல்லில் இருந்து ஒரு கிருமியைப் பிரித்துப் பெயர் வைத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். தனி ஒருவன் இல்லை, கூட்டாளிகள் நிறைய, ஆனாலும் எஃப்.ஐ.ஆரில் முதல் பெயர் இவனுடையதுதான்.

அவர்கள் வேலை செய்கிற விதம் நம் ஆபீஸ் கேன்டீன் மாதிரி. நீங்கள் இனிப்பாக ஒரு வாய் போட்டதும் ஷிஃப்ட் ஆரம்பம். சில நிமிஷத்தில் பல்லின் மேல் அமிலம். எனாமலில் இருந்து கால்சியம் கொஞ்சம் கரைந்து வெளியே போகும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, போன கால்சியத்தைத் திருப்பி வைக்கும். இதற்கு அரை மணி, முக்கால் மணி ஆகும். எச்சில் என்றால் துப்புவதற்கு மட்டும் என்று நினைக்கிற தேசத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சில்தான் பல்லின் கொத்தனார். அந்தக் கொத்தனாருக்கு வேலை செய்ய டைம் கொடுக்காமல் அடுத்த பிஸ்கட், அடுத்த டீ, அடுத்த சாக்லேட் என்று போட்டுக்கொண்டே இருந்தால், ஒருநாள் சுவரில் ஓட்டை. ராத்திரி தூங்கும்போது கொத்தனாரும் லீவு. எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு குழந்தையைத் தூங்க வைத்தால் கிருமிகளுக்கு விடிய விடிய ஓவர்டைம்.

இதை நிரூபித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. கேட்டால் கமர்கட் கசக்கும்.

சுவீடனில் லுண்ட் என்கிற ஊர். அங்கே விப்பெஹோல்ம் என்று ஒரு விடுதி. மூளை வளர்ச்சி குறைந்தவர்களை வைத்துப் பராமரித்த இடம். 1945-ல் அங்கே பல் ஆராய்ச்சி ஆரம்பித்தது. நாட்டில் சொத்தைப் பல் தாங்க முடியவில்லை, காரணம் சர்க்கரைதானா என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். ஒரு கோஷ்டிக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை. ஒரு கோஷ்டிக்கு இனிப்பு ரொட்டி. இன்னொரு கோஷ்டிக்கு, பல்லில் நன்றாக ஒட்டுகிற மாதிரி பிரத்யேகமாகச் செய்த டாஃபி, நாளைக்கு 24. நம்ம ஊர் கமர்கட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஐயும் சாப்பாட்டு நேரத்தில் இல்லாமல் நடுநடுவே தின்னவிட்டார்கள். பற்கள் பாழாய்ப் போயின. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிற நிலைமையிலும் பலர் இல்லை. சர்க்கரைக் கம்பெனிகள், மிட்டாய்க் கம்பெனிகளின் பணமும் அதில் இருந்தது. 1954-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்கிற சர்க்கரை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. நடுநடுவே, அடிக்கடி, ஒட்டிக்கொள்கிற மாதிரி தின்பதுதான் வில்லன்.

இன்றைக்கும் சுவீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் வால்தான் அது. உலகத்துப் பல் டாக்டர்கள் எல்லாரும் "நடுவுல இனிப்பு குடுக்காதீங்க" என்று சொல்லும்போது அந்த விடுதியில் இருந்தவர்களின் பற்களுக்குக் கடன்பட்டுத்தான் சொல்கிறார்கள். இப்போது அப்படி ஒரு ஆராய்ச்சி செய்ய எந்தக் கமிட்டியும் அனுமதி தராது. தரவும் கூடாது.

* * *

திங்கட்கிழமை காலை நண்பர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டார். பூந்தமல்லி ஹைரோட்டில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். (மாரல் சப்போர்ட்டுக்கு நானும். உண்மையில் எனக்கும் லீவு போட ஒரு காரணம் தேவைப்பட்டது.)

டாக்டரம்மா இளம் வயசு. வாண்டுவை நாற்காலியில் ஏற்றி, மேலே கீழே போகவிட்டு, ராக்கெட் என்று சொல்லி, வாயைத் திறக்க வைத்துவிட்டார். எங்களுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். கண்ணாடியை உள்ளே விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"வலி வர்ற பல் இது. இதோட சொத்தை நரம்பு வரைக்கும் போய் வேர்ல சீழ் வெச்சிருக்கு. எக்ஸ்ரேல வேர் பக்கத்து எலும்பும் கரைஞ்சிருக்கு. இதைக் காப்பாத்த முடியாது. இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பல்லுல ஓட்டை, ஆனா நரம்பு வரைக்கும் போகலை. மேல முன்பல் ரெண்டுல ஆரம்பம்."

"ஒரு பல்லுதான் டாக்டர் வலிச்சுது..."

"ஒண்ணுதான் சார் வாயைத் திறந்து சொல்லிச்சு."

நண்பர் தன் ஃபேவரிட் கேள்வியைக் கேட்டார். விழப்போகிற பல்தானே?

டாக்டர் பதில் சொல்லாமல் வேறு கேட்டார். "நீங்க பஸ்ல போறவரா?"

"ஆமாம். பூந்தமல்லியிலேர்ந்து."

"பஸ் உள்ள வந்ததும் ஜன்னல் வழியா துண்டைப் போடுவாங்க, பார்த்திருக்கீங்களா? பால் பல்லுங்கறது அந்தத் துண்டு. பின்னாடி வர்ற பெரிய பல்லுக்கு சீட் பிடிச்சு வைக்குது. துண்டை முன்னாடியே எடுத்துட்டா பக்கத்து ஆள் சாய்ஞ்சு உக்கார்ந்துடுவான். அப்புறம் வர்றவன் நின்னுக்கிட்டேதான் வரணும். கோணல் மாணலா."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முன்பக்கத்துப் பால் பல் ஆறு, ஏழு வயசில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயசு வரை இருக்கும். ஐந்தரை வயசு வாண்டுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் சப்பாத்தி மெல்ல வேண்டியது அந்தப் பல்தான். இன்னொரு சங்கதி: ஆறு வயசு வாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதுவும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல் ஐயா! போனால் போனதுதான்.

ஆக, வலித்த பல்லை எடுத்தாகிவிட்டது. ஊசி போட்டுத்தான். அந்தப் பத்து நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே இருந்து சத்தம் வந்தபோது மட்டும், "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஊசி இல்லாம முடிஞ்சிருக்கும்ல?" என்றார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. எடுத்த இடத்தில் சீட் பிடிக்க, அதாவது துண்டு போட, ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டுவார்களாம். புண் ஆறியதும்.

மீதிப் பற்கள்தான் சுவாரசியம். அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. டாக்டர் சொன்னார்: "இந்த ரெண்டு பல்லுக்கும் ஊசி வேண்டாம், டிரில்லிங் வேண்டாம். சொத்தையைச் சுரண்டக்கூடப் போறதில்லை. அப்படியே மேல ஒரு ஸ்டீல் கேப் வெச்சு மூடிடலாம்."

நண்பருக்குக் குரல் ஏறிவிட்டது. "சொத்தையை உள்ள வெச்சே மூடறதா? குப்பையைப் பாய்க்கு அடியில தள்ற மாதிரி இருக்கே டாக்டர்!"

இதே கேள்வியைத்தான் ஸ்காட்லாந்திலும் கேட்டார்கள். நார்னா ஹால் என்று ஒரு பல் டாக்டர். பெரிய புரொபசர் கிடையாது. ஊரில் கிளினிக் வைத்திருந்தவர். 1980களின் கடைசியில் இருந்து குழந்தைகளின் சொத்தைக் கடைவாய்ப்பல் மேல், எதையும் சுரண்டாமல், ரெடிமேட் உலோகக் கேப்பில் சிமென்ட்டை நிரப்பி அமுக்கிவிடுவார். "கடி" என்பார், குழந்தை கடிக்கும், கேப் உட்கார்ந்துவிடும். காலேஜில் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் விரோதம். இந்த மாதிரி 978 கேப் போட்டிருந்தார். அந்த ரிக்கார்டுகளை டண்டீ பல்கலைக்கழகத்து நிக்கோலா இன்னஸ் முதலானோர் எடுத்து அலசி 2006-ல் வெளியிட்டார்கள். பரவாயில்லையே, ஒழுங்காகச் செய்த வேலைக்கு ஈடாக நிற்கிறதே என்று ஆச்சரியம்.

ரிக்கார்டு மட்டும் போதாது. நல்லா வந்த கேஸ் மட்டும் கண்ணில் படும், வராதவன் வேறு டாக்டரிடம் போயிருப்பான். எனவே முறையாகப் பரீட்சை வைத்தார்கள். 17 டாக்டர்கள், 132 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தை வாயிலும் ஒரே மாதிரி சொத்தையான இரண்டு பற்கள். எதற்குக் கேப், எதற்கு வழக்கமான அடைப்பு என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஒரே வாய், ஒரே எச்சில், ஒரே மிட்டாய். இதைவிட நியாயமான பந்தயம் இருக்க முடியாது. இரட்டையர்களை ஒரே வகுப்பில் போட்டு, ஒருவனுக்கு மட்டும் டியூஷன் வைத்த மாதிரி.

ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். 2011-ல் வந்த முடிவு: வலி, சீழ் என்று பெரிய தகராறு வந்தது, அடைத்த பற்களில் 16.5 சதவிகிதம். கேப் போட்ட பற்களில் 3 சதவிகிதம். முதலிலேயே, எது பிடித்தது என்று கேட்டபோது, சொல்லத் தெரிந்த குழந்தைகளில் முக்கால்வாசிக்கு மேல் கேப் பக்கம் கை தூக்கியிருந்தன.

காரணம் சிம்பிள். உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிகளுக்கு மேலே இருந்து சர்க்கரை சப்ளை கட். ரேஷன் கார்டு ரத்து. பட்டினி கிடந்து செயலிழந்துவிடுகின்றன. பல்லுக்கும் நரம்புக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. கேப் போட்டதும் கடிக்கும்போது கொஞ்சம் உயரமாக இருக்கும்; சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஒரே நிபந்தனை, நரம்பு வரை போயிருக்கக் கூடாது. ராத்திரி தூக்கத்தில் இருந்து எழுப்புகிற வலி, ஈறில் கொப்புளம் என்றால் இந்த வித்தை பலிக்காது. வாண்டுவின் முதல் பல் அந்தப் பஸ்ஸைத் தவறவிட்ட பல்.

"முன்பல்லுக்கு?"

"மருந்து தடவலாம். வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்தது. ஒரு சொட்டு, ஒரு நிமிஷம். சொத்தை அப்படியே நின்னுடும். ஆனா..."

இந்த 'ஆனா'வில்தான் வீடு இரண்டுபட்டது. அந்த மருந்து தடவினால் சொத்தை இருக்கிற இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நிரந்தரமாக. முன்பல்!

சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று பெயர். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவானது. 38 சதவிகிதக் கரைசல். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். ஜப்பானில் ஒரு காலத்தில் கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதுதான் அழகு என்பதால் அங்கே இது பிறந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வெளி உலகம் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் சீனத்து மழலையர் பள்ளிகளில் 375 குழந்தைகளை வைத்துச் சோதித்துப் பார்த்து 2002-ல் முடிவு சொன்னார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தடவியே சொத்தையை நிறுத்த முடிகிறது. அமெரிக்கா 2014-ல் அனுமதித்தது, அதுவும் பல் கூச்சத்துக்கு என்று வேறு பெயரில். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கரன்ட் வேண்டாம், நாற்காலி வேண்டாம், ஊசி வேண்டாம். ஸ்கூல் வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தடவலாம். நம் மாதிரி நாட்டுக்கென்றே செய்தது போல இருக்கிறது. கறுப்பு மட்டும்தான் கஷ்டம்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ் போர்ஷனில் மகாநாடு.

"கறுப்புப் பல்லோட புள்ளைய எப்படிடா வெளிய கூட்டிட்டுப் போறது? கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?" - பாட்டி.

"அத்தை, அது ரெண்டு வருஷத்துல விழுந்துடும். வலிச்சா நீங்களா ராத்திரி முழிக்கப்போறீங்க?" - வாண்டுவின் அம்மா.

"நான்தான்மா முழிச்சேன், ஞாயித்துக்கிழமை."

உண்மை. எல்லாருமே முழித்திருந்தார்கள். பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தடவட்டும். போட்டோ எடுக்கும்போது வாயை மூடச் சொல்லிக்கலாம்" என்றார்.

* * *

இந்த இடத்தில் ஃப்ளோரைடு பற்றிச் சொல்லாவிட்டால் பேஸ்ட் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்காக இல்லை, கதை நம்ம பக்கத்தில் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1901-ல் மக்கே என்கிற பல் டாக்டர் கிளினிக் திறந்தார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பல்லில் காபிக்கறை. ஆனால் சொத்தை அதிகமில்லை. முப்பது வருஷம் துப்பறிந்தார்கள். 1931-ல் ஒரு அலுமினியக் கம்பெனி கெமிஸ்ட், குடிநீரில் இருக்கிற ஃப்ளோரைடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அதிகமானால் கறை, அளவாக இருந்தால் பாதுகாப்பு. 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் அளவாகக் கலந்து பார்த்தார்கள். குழந்தைகளுக்குச் சொத்தை பெருமளவு குறைந்தது.

அவர்கள் எப்படிக் கலப்பது என்று யோசிப்பதற்கு முன்பே இங்கே இயற்கை கைதவறிக் கொட்டியிருந்தது. 1937-ல், அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில், கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களின் முதுகெலும்பே மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனதை ஷார்ட் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களிலும் அதே ஃப்ளோரைடுத் தொல்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகிற திட்டம் வந்து, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஊரில் அமுதம், ஒரு ஊரில் விஷம். கல்யாண சாம்பாரில் உப்பு மாதிரி, எல்லாம் அளவில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் கேன் தண்ணீர், மீதி வீட்டில் ஆர்.ஓ. மெஷின். அது உப்போடு ஃப்ளோரைடையும் பெரும்பாலும் வடிகட்டிவிடும். ஆகவே மிச்சம் இருப்பது பேஸ்ட்தான். எழுபது பரீட்சைகள், 42 ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 2003-ல் காக்ரேன் குழு ஒரு கணக்குச் சொன்னது: ஃப்ளோரைடு பேஸ்ட்டால் புதிய சொத்தை சுமார் கால்வாசி குறைகிறது. பெரியவர்கள் பக்கத்தில் நின்று தேய்க்க வைத்தால் இன்னும் அதிகம். வாண்டுகள் தனியாகத் தேய்த்தால் பேஸ்ட்டுக்கும் பல்லுக்கும் அறிமுகமே நடப்பதில்லை. நேராக வயிற்றுக்குப் போய்விடுகிறது. (ஸ்ட்ராபெர்ரி வாசனை போட்டது யார் குற்றம்?)

விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு மெரினா அலை வேண்டாம். மூன்று வயசுக்குள் ஒரு அரிசி அளவு. ஆறு வயசு வரை ஒரு பட்டாணி. தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், நாலு சொம்பு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். போட்ட மருந்தைக் கழுவிவிட்ட கதையாகிவிடும். ராத்திரி தேய்த்தபின் பாலும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது. டியூபைத் திருப்பி ஃப்ளோரைடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் படம் போட்டதில் பல சமயம் இருக்காது. தாத்தா வேலங்குச்சியில் தேய்த்து எண்பது வயசு வரை கரும்பு கடித்தார் என்று ஒரு கோஷ்டி கிளம்பும். தாத்தாவுக்கு நாளைக்கு ஐந்து முறை க்ரீம் பிஸ்கட் கொடுத்தது யார்?

கேப், மருந்து என்று இவ்வளவு பாடிவிட்டு ஒரு கசப்பான சங்கதியை மறைத்தால் நியாயமில்லை. பிரிட்டனில் ஏற்கெனவே சொத்தை வந்த 1,144 குழந்தைகளை, மூன்றில் இருந்து ஏழு வயசு வரை, மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குச் சுரண்டி அடைக்கிற பழைய முறை. ஒன்றுக்குச் சுரண்டாமல் மூடுகிற முறை. ஒன்றுக்குச் சொத்தையைத் தொடாமல் தடுப்பு மட்டும். 2020-ல் முடிவு வந்தது. மூன்று கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை! எந்தக் கோஷ்டியிலும் சுமார் பத்துக்கு நாலு குழந்தைகளுக்கு, மூன்று வருஷத்துக்குள் எப்போதாவது வலியோ சீழோ வந்தே விட்டது.

நான் இதைச் சொன்னதும் நண்பர் இடிந்துபோனார். "அப்போ கேப் வேஸ்ட்டா சார்?"

மறுபடி டாக்டரிடம் கேட்டோம். அவர் அசரவில்லை. "ஒரு தனிப் பல்லுக்குக் கேப் நல்லா நிக்கும், அதுல சந்தேகமில்லை. ஆனா ஒரு பல்லுல சொத்தை வந்த வாய்ல மீதி பல்லெல்லாம் க்யூல நிக்குது. நாங்க ரிப்பேர் பண்றோம், வீட்டுல பழைய டைம்டேபிளே ஓடுது. இவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு சாப்பிடறான்னு எழுதிட்டு வாங்க."

நண்பர் கணக்கில் புலி. லெட்ஜர் போட்டார். காலை பூஸ்ட் பால். ஸ்கூல் இன்டர்வெலுக்கு க்ரீம் பிஸ்கட். வேனில் வரும்போது பக்கத்துப் பையன் தருகிற சாக்லேட். சாயங்காலம் பால், கூட ஒரு கேக். அழுதால் லாலிபாப். சாப்பிட அடம்பிடித்தால் ஜாம் தடவிய பிரெட். இருமல் சிரப். படுக்கும்போது மறுபடி பூஸ்ட். மொத்தம் எட்டு. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுல மூணு என்ட்ரி என் கணக்கு சார். ஆபீஸ்லேர்ந்து லேட்டா வர்ற குற்ற உணர்ச்சிக்கு வாங்கிட்டு வர்றது."

எட்டை மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள். பாட்டி ஒத்துழைப்பதாக அறிவித்திருக்கிறார். முந்தானை முடிச்சை இன்னும் சோதனை போடவில்லை.

கேப் போடுகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன். இரண்டு வாரம், இரண்டு கேப். ஒவ்வொன்றுக்கும் நான் வாட்ச்சில் பார்த்தவரை கால் மணிகூட ஆகவில்லை. ஊசி இல்லை, 'கிர்ர்' சத்தம் இல்லை. சிமென்ட் புளிக்கிறது என்று ஒரு முகச்சுளிப்பு, அவ்வளவே. முன்பல் இரண்டும் ஓரத்தில் கறுத்திருக்கின்றன. சிரித்தால் தெரிகிறது. அவன் கவலைப்பட்ட மாதிரி இல்லை. வெள்ளிப் பல் வந்த பெருமையில் கறுப்பு அடிபட்டுப் போய்விட்டது. ரோபோ ஆகிவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

போன வெள்ளிக்கிழமை கிளாஸ் மிஸ்ஸிடம் இருந்து நண்பருக்குப் போன். பையன் இன்டர்வெல்லில் ஸ்டீல் பல்லைக் காட்டக் கட்டணம் வசூலிக்கிறானாம். தொட்டுப் பார்க்கத் தனி ரேட்.

"காசா மிஸ் வாங்கறான்?" என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார்.

"இல்லை சார். தேன் மிட்டாய்."